வாசிக்கத் தெரியாத மூன்றாவது ஆள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்கா பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

சரி, யாழினி விஷயம். அவள் பேண்டில் ஒரு பையனுக்கு எந்த வாத்தியமும் தெரியாது, இது உருப்படுமா என்று கேட்டிருந்தாய். உடனே எனக்கு திஸ் ஹீட் என்ற பேண்ட் ஞாபகம்தான் வந்தது. 1976-இல் லண்டனில் சேர்ந்த மூன்று பேர். ட்ரம்ஸ் சார்லஸ் ஹேவார்டும் கிடார் சார்லஸ் புல்லனும் நன்றாகவே கை தேறியவர்கள். மூன்றாவது ஆள் கேரத் வில்லியம்ஸுக்கு முறையாக ஒன்றும் வாசிக்கத் தெரியாது. தெரிந்தே சேர்த்துக்கொண்டார்கள். தெரிந்த இரண்டு பேர் மட்டும் இருந்தால் விரல்கள் பழகிய பாதையிலேயே போயிருக்கும், இவர் கீபோர்டையும் டேப்பையும் வைத்துக்கொண்டு அவர்களை அந்தப் பாதையிலிருந்து இழுத்துவிட்டார் என்பது என் எண்ணம்.

முதல் ஆல்பத்துக்கும் குழுவின் பெயர்தான், 1979-இல் வந்தது. அட்டையில் முகம் கிடையாது, நீலமும் மஞ்சளும் மட்டும். பதிவு தொடங்கியது 1976-இல். சில துண்டுகள் நல்ல ஸ்டூடியோவில், சில மலிவான கேசட்டில், சில மேடையில் வாசித்தபோது எடுத்தவை. பிரிக்ஸ்டனில் பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றைப் பிடித்து, கோல்ட் ஸ்டோரேஜ் என்றே பெயர் வைத்து, அங்கே மணிக்கணக்காக வாசித்து எல்லாவற்றையும் டேப்பில் பிடித்தார்கள். அப்புறம் அதை வெட்டி ஒட்டினார்கள். ஒரே பாட்டுக்குள் ஸ்டூடியோ ஒலி திடீரென்று கரகரப்பான கேசட் ஒலியாக மாறும், அதே தாளம் பக்கத்து அறைக்குள் போய்விட்டதுபோல. பதிவுத் தரம் மாறுவதையே ஒரு வாத்தியமாக ஆக்கியிருக்கிறார்கள், அந்த ஆல்பத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

‘24 ட்ராக் லூப்’ என்ற பாட்டை யாழினியிடம் கட்டாயம் போட்டுக்காட்டு. ட்ரம்ஸ் ஓடும் ஒரு சிறிய டேப் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ட்ராக்குகளை, அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை, ஏற்றி இறக்கி, சுருதியை மாற்றிச் செய்தது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரை வைத்து ட்ரம்ஸ் துண்டுகளை வேகமாக ஓடவிட்டு ஜங்கிள் என்ற நடன இசை செய்தவர்கள் எட்டிய இடத்துக்குக் கிட்டத்தட்ட கையாலேயே போயிருக்கிறார்கள். ‘தி ஃபால் ஆஃப் சைகான்’ வேறு மாதிரி. 1975-இல் வியட்நாமில் சைகான் நகரம் வீழ்ந்தபோது அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அங்கிருந்த பூனையைச் சாப்பிடுவதாகப் பாடுகிறார்கள், கோபமே இல்லாத குரலில், அதனாலேயே எனக்கு வயிற்றைப் பிசையும். எல்லாப் பாட்டும் இப்படி இல்லை, நடுவில் சில துண்டுகள் வெறும் இரைச்சலாகவே கடந்துபோகும், பொறுமை வேண்டும்.

ஒன்று சொல்லிவிடு: ஆல்பம் காதுக்கு எட்டாத அளவு மெதுவாகத் தொடங்கும், சத்தத்தைக் கூட்டிவிட வேண்டாம், அடுத்து வரும் ‘ஹாரிசான்டல் ஹோல்ட்’ ஹெட்போனில் அறைந்துவிடும்.

கேரத் வில்லியம்ஸ் இரண்டாவது ஆல்பம் ‘டிசீட்’ (1981) வந்த பிறகு குழுவைவிட்டு விலகி, கதகளி கற்க இந்தியாவுக்கு வந்தார். ஒன்றும் தெரியாத இடத்தில் போய் நின்று தொடங்க அந்த மனிதருக்குத் தயக்கமே இருந்ததில்லை போலிருக்கிறது. 2001-இல் இறந்துவிட்டார். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

அதனால் அந்தப் பையனை விலக்கச் சொல்லாதே சேகர். ஒத்திகை நடக்கும்போதெல்லாம் போனிலாவது பதிவு செய்யச் சொல், நன்றாக வராததையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும். ஏதாவது தேறினால் எனக்கும் அனுப்பு. தை மாதம் ஊருக்கு வருகிறாயா, இல்லையா? டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
ரவி