மின்ட் இனி டெபியன் மேலேயே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து, தெருவிலோ சொந்தத்திலோ யாராவது ஒருவர் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். "இதைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?" என்று கேட்பவர்களிடம், வேண்டாம் என்று சொல்லி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். பல வருடமாக நானும் அதில்தான் இருக்கிறேன். சரி, அடுத்த பெரிய மின்ட், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 26.04 பதிப்பை அடித்தளமாக வைத்து வரப்போகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மின்ட் இன்னும் எத்தனை நாளைக்கு உபுண்டுவின் மேல் சாய்ந்துகொண்டிருக்கும் என்பது என் கவலை.

தெரியாதவர்களுக்காக இதன் வம்சாவளியைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய அதற்கு முதலாளி என்று யாரும் கிடையாது, தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள், பெரிய சண்டை வந்தால் வாக்கெடுப்பு வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். 2004-இல் மார்க் ஷட்டில்வொர்த்தின் கனானிக்கல் நிறுவனம் அந்த டெபியனை எடுத்து உபுண்டுவைக் கொண்டுவந்தது. அதற்கு மேல் 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் மின்ட்டை ஆரம்பித்தார். 2014-இல் வந்த மின்ட் 17 முதல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத்தான் அடித்தளமாக எடுக்கிறார்கள். 24.04 மேல் மின்ட் 22 வந்தது, அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு.

உபுண்டு இல்லாவிட்டால் மின்ட் இவ்வளவு பேரிடம் போயிருக்காது, அதை மறுக்கவில்லை. ஆனால் கடந்த ஐந்தாறு வருடமாக மின்ட் குழுவின் உழைப்பில் ஒரு பங்கு, உபுண்டு மாற்றியதைப் பழையபடி திருப்பி வைப்பதிலேயே போகிறது.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு 20.04-இல் குரோமியம் உலாவியை வழக்கமான முறையில் நிறுவச் சொன்னால், வந்து இறங்கியது வெறும் காலிப் பொதி (நிரலை நிறுவும் கோப்பு). அது பின்னாலிருந்து ஸ்னாப் என்ற, கனானிக்கலின் சொந்த நிறுவல் முறையை இழுத்துவந்து, கனானிக்கலின் கடையிலிருந்து குரோமியத்தை இறக்கியது. ஸ்னாப் கடை கனானிக்கலுடையது மட்டும்தான், அதன் சர்வர் பக்க நிரல் இன்றுவரை திறந்த மூலம் இல்லை. பயனரைக் கேட்காமல் இப்படிச் செய்வது சரியில்லை என்று லெஃபெவ்ர் வெளிப்படையாகச் சொன்னார், மின்ட் 20-இல் ஸ்னாப் தானாக உள்ளே வராதபடி தடுத்தும் வைத்தார். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு மின்ட் மேல் மரியாதை கூடியது. ஆனால் தடுத்ததோடு வேலை முடியவில்லையே! குரோமியம் போன்ற ராட்சத நிரலைத் தாங்களே தொகுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2022-இல் ஃபயர்பாக்ஸும் ஸ்னாப்புக்குப் போனது, இவர்கள் அதை உருவாக்கும் மொஸில்லாவோடு நேரடியாகப் பேசி ஏற்பாடு செய்துகொண்டார்கள். 2024-இல் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரல் போனது, அதையும் இவர்களே பொதியாக்கினார்கள். டெபியனில் இந்த மூன்றும் எப்போதும்போல டெப் என்ற வழக்கமான பொதிகளாகவே கிடைக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இது உலாவியோடு நிற்கிற விஷயமும் இல்லை. 26.04-க்கு முன்னோட்டமாக 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல், பல வருடமாகப் புழங்கிவந்த அடிப்படைக் கட்டளைகளை எடுத்துவிட்டு ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதியவற்றை வைத்தார்கள். அதில் 'டேட்' கட்டளையில் ஒரு கோப்பின் தேதியைக் கேட்டால் இன்றைய தேதியைச் சொல்கிற ஒரு பிழை, அதனால் தானாகப் புதுப்பிப்புகளைச் சரிபார்க்கும் வேலையே நின்றுபோனது. சீக்கிரம் திருத்திவிட்டார்கள், ரஸ்ட் மேல் எனக்கு விரோதமும் இல்லை. ஆனால் அடித்தளத்தில் எதை எப்போது மாற்றுவது என்பதை மின்ட் முடிவு செய்வதில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர் வீட்டுக்காரர் சுவரை இடிக்கும்போது பாத்திரத்தை நகர்த்தி வைப்பதுபோல இவர்கள் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கு மாற்று எங்கோ வானத்தில் இல்லை. மின்ட் குழுவே பல வருடமாக எல்எம்டிஇ என்ற டெபியன் பதிப்பை வைத்திருக்கிறது. உபுண்டு ஒருநாள் இல்லாமல் போனாலும் மின்ட் தொடர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம் என்று அவர்களே சொல்கிறார்கள். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது, அக்டோபரில் அதன் மேல் எல்எம்டிஇ 7 வந்துவிட்டது. அதே சினமன் டெஸ்க்டாப், அதே அப்டேட் மேனேஜர், கணினியைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரும் அதே டைம்ஷிஃப்ட். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் போட்டேன், வீட்டில் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இந்த முறை ஓஇஎம் நிறுவலும் சேர்த்திருக்கிறார்கள், அதாவது பழைய கணினி விற்கும் கடைக்காரர் முன்கூட்டியே போட்டு விற்கலாம், வாங்குகிறவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுத்தால் போதும்.

குறைகளும் இருக்கின்றன. என்விடியா கிராபிக்ஸ் அட்டை வைத்திருப்பவருக்கு உபுண்டு வழி மின்ட்டில், வன்பொருளை இயக்கும் நிரல்களைப் போட்டுத் தரும் டிரைவர் மேனேஜரில் ஒரு சொடுக்கில் வேலை முடியும், புத்தம்புது லேப்டாப்புக்குப் புதுக் கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) அங்கே சுலபமாகக் கிடைக்கும். எல்எம்டிஇயில் சினமன் மட்டும்தான், நினைவகம் குறைந்த கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் பதிப்பு கிடையாது, என்னிடம் வருகிற கணினிகளில் பாதி அப்படிப்பட்டவை. அப்புறம் டெபியனும் தன் பங்குக்கு முடிவுகள் எடுக்கத்தான் செய்கிறது: 13-இல் மிகப் பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவலை விட்டார்கள், எல்எம்டிஇயும் விட்டுவிட்டது. ஆனால் அந்த விவாதம் பொதுவில் நடந்தது, யாருடைய கடைக்கும் ஆள் சேர்ப்பதற்காக நடக்கவில்லை.

சென்ட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸின் கதையும் நினைவில் இருக்க வேண்டும். சர்வர்களில் ஓடிய அது ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் மேல் நின்றது. 2029 வரை ஆதரவு என்று நம்பி சென்ட்ஓஎஸ் 8-ஐப் போட்டவர்களிடம், 2021 முடிவோடு சரி என்று 2020 டிசம்பரில் சொல்லிவிட்டார்கள். கனானிக்கல் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை, செய்ய முடியும் என்கிற நிலையே மின்ட்டுக்கு வேண்டாம் என்கிறேன்.

டெபியன் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. மத்திய அரசின் சி-டாக் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, தமிழக மாணவர்களின் அரசு லேப்டாப்களில் வந்த பாஸ் லினக்ஸ் டெபியனிலிருந்து செய்ததுதான்.

உபுண்டு 26.04 மேல் வரப்போகும் மின்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த வேலை ஏற்கெனவே நடக்கிறது. அதற்கு அடுத்த முறையாவது டெபியன் பதிப்பை முதலில் வைத்து, எக்ஸ்எஃப்சிஇயும் டிரைவர் வசதியும் அதில் சேர்க்க வேண்டும் என்று மின்ட்டுக்கு நன்கொடை கொடுக்கும் நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டும். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்திலும் மின்ட் பற்றி எழுதும்போது எல்எம்டிஇயையும் சேர்த்து, யாருக்கு எது பொருந்தும் என்று எழுதுங்கள். என்விடியா அட்டை இல்லாத, நான்கைந்து வருடம் பழைய கணினி வைத்திருப்பவர் முதலில் பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம், வன்தட்டில் எதுவும் அழியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி