மிஷினைப் பரணிலிருந்து இறக்கு

தை 12

அன்புள்ள ஜெயா,

இங்கு எல்லோரும் நலம். பொங்கலுக்கு நீ அனுப்பிய கொழுந்து வெற்றிலை வந்து சேர்ந்தது. அத்தைக்குப் பரம சந்தோஷம். பேரன் காதுகுத்துக்கு நான் வராததை நீ இன்னும் மறந்திருக்க மாட்டாய். அதற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

நேற்று வசந்தி போன் பண்ணினாள். "ஜெயா அந்த மூச்சு மிஷினைப் பையோட பரண்ல ஏத்திட்டா. பதினோரு நாள்தான் வச்சிருந்தா" என்றாள். தூக்கத்தில் நம் இரண்டு பேருக்கும் மூச்சு நின்று நின்று போகிற நோய்க்கு, மூக்கில் மாஸ்க்கை மாட்டிக் குழாய் வழியாக ராத்திரி முழுக்கக் காற்றை அனுப்புகிற மிஷின் அல்லவா அது! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே உன்னைக் கூப்பிடத்தான் போனேன். ஆனால் நீ "சரிடி, சரிடி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய். வார்டன் அம்மாவையே அப்படி ஏமாற்றியவள் நீ. கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வாய் காய்கிறது, மூக்குத் தண்டில் புண் வந்துவிட்டது, முகத்தை யாரோ பிடித்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்றாயாம். ஒன்றும் பொய்யில்லை. அத்தனையும் நான் பட்டதுதான். முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சில் விழுங்கலாம் என்றால் வாயில் எச்சிலே இருக்காது. சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் படுப்பேன், நாலு மணிக்கு மறுபடி அதே கதை. இங்கே இவர் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்கு இறங்கட்டும் என்று களத்தில் கொட்டிக் கிளறிக்கொண்டே இருப்பார். எனக்கோ வாயில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. பத்தாம் நாள் நானும் மிஷினைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தவள்தான். பரணில் ஏற்ற ஆள் இல்லாததால் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் தஞ்சாவூரில் நான் பார்க்கும் நெஞ்சு டாக்டரிடம் போனேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மிஷினுக்குள் இருந்த சின்ன கார்டை எடுத்து கம்ப்யூட்டரில் போட்டார். எந்த ராத்திரி எத்தனை மணிக்கு எவ்வளவு காற்று கசிந்தது என்று மலையும் பள்ளமுமாகக் கோடு ஓடியது. "உங்களுக்கு வாய் திறந்துக்குதும்மா" என்றார். மிஷின் அனுப்புகிற காற்று மூக்கு வழியாகப் போய்த் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய் திறந்தால் அவ்வளவும் வாய் வழியாக வெளியே ஓடிவிடுகிறது. மடையில் ஓட்டை இருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறுமா? நம் ஊர்க்காரிக்கு இதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. காற்றும் போய்ச் சேராது, ராத்திரி முழுக்க வாய்க்குள் மேசை விசிறி ஓடின மாதிரி காய்ந்தும் போகும்.

வாய் ஏன் திறக்கிறது என்று பார்த்தால் மூக்கு அடைத்திருக்கிறது. மார்கழிப் பனி ஒரு பக்கம், அறுப்புத் தூசி ஒரு பக்கம். நான் அதற்குக் கடையில் வாங்கி ராத்திரிக்கு ராத்திரி சளி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரையே வாயைக் காய வைக்குமாம். டாக்டர் அதை நிறுத்திவிட்டு, படுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் பண்ணச் சொன்னார். மூக்கு திறந்ததும் வாய் பாதி ராத்திரிக்குத் தானாக மூடிக்கொண்டது. மீதிப் பாதிக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டி.

ஜெயா, உன் மிஷினோடும் தண்ணீர்த் தொட்டி ஒன்று வந்திருக்கும், பார். காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புவதுதான் அதன் வேலை. அதை நீ மாட்டவே இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். தினமும் கழுவ வேண்டுமே என்று சோம்பல்பட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா! மாட்டு. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், டிஸ்டில்ட் வாட்டர் என்று மருந்துக் கடையில் கேள். இங்கே எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஒரே ஒரு நாள் அதை ஊற்றினேன், தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. காலையில் மிச்சத்தைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வை. ஈரத்தின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். நான் மூன்றிலிருந்து ஐந்துக்கு ஏற்றினேன். வாய் நன்றாகிவிட்டது, ஆனால் மார்கழிக் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு களக் களக் என்று சத்தம், மூக்கில் வந்து சொட்டியது. மிஷினை மேசையிலிருந்து இறக்கித் தலைமாட்டை விடத் தாழ்வாக முக்காலியில் வைத்தேன். குழாய்க்குப் பழைய சால்வையைச் சுற்றிவிட்டேன். அதோடு சரி.

வாயில் டேப் ஒட்டிக்கொள் என்று என் பெண் போனில் எதையோ பார்த்துச் சொன்னாள். டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றார். மூக்கு அடைத்த நேரத்தில் வாயையும் ஒட்டிக்கொண்டு என்ன செய்வது? வாந்தி வந்தால் என்ன ஆகும்? உனக்கும் யாராவது சொல்வார்கள், கேட்காதே. தாடையைத் தூக்கிக் கட்டும் பட்டையை மட்டும் முயற்சி பண்ணிப் பார்த்தேன். சிலருக்குச் சரியாக வருமாம், எனக்குக் கொண்டை இடித்தது. ஜலதோஷம் பிடித்த நாளுக்கென்று மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் ஒன்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது மாஸ்க். இதில்தான் நான் நிறைய முட்டாள்தனம் செய்தேன். ஓரத்தில் காற்று புஸ் என்று கண்ணுக்குள் அடித்ததும் பட்டையை இழுத்து இறுக்கினேன். மறுபடி அடித்தது, மறுபடி இறுக்கினேன். காலையில் மூக்குத் தண்டில் தோல் வழன்று ரத்தம் கட்டிவிட்டது. கன்னத்தில் சாயங்காலம் வரை தடம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா "யாரு டீச்சர் அடிச்சா?" என்றே கேட்டுவிட்டாள். இறுக்குவதே தப்பாம். அந்த சிலிக்கான் விளிம்பு இரண்டு மடிப்பாக இருக்கிறது. மெல்லிய மடிப்பு காற்றில் உப்பித் தானாக முகத்தோடு ஒட்ட வேண்டும், இறுக்கினால் உப்ப இடமில்லை. நான் உட்கார்ந்துகொண்டு கட்டினேன், படுத்தால் கன்னம் சரிந்து எல்லாம் மாறிவிடுகிறது. அதனால் மிஷினைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டுதான் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரல் நுழைய வேண்டும். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கும், அதனால் படுக்கும் முன் முகம் கழுவு. நீ ராத்திரி தேய்த்துக்கொள்கிற தேங்காய் எண்ணெயைக் காலைக்கு மாற்று. புண்ணில் வாசலின் தடவிக்கொண்டு மாஸ்க்கை மாட்டாதே, சிலிக்கான் கெட்டுவிடும்.

பகலில் சீரியல் பார்க்கும்போது அரை மணி நேரம் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார். முகத்துக்கு அது பழகும். எனக்கு அந்த அமுக்குகிற பயம் போனது அப்படித்தான்.

சரி, இதெல்லாம் ஒரு பக்கம். நீ வசந்தியிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மிஷின் கொண்டுவந்த பையன் உன்னிடம் மூக்குத்தியைக் கழற்றச் சொல்லியிருப்பான். என்னிடமும் சொன்னான். மாஸ்க்கின் விளிம்பு சரியாக மூக்குத்தி மேல் வந்து உட்கார்ந்தது. காற்றும் அங்கேதான் கசிந்தது, கல்லும் தோலில் அழுந்தியது. அவனுக்கு அது ஒரு சாமான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சின்னப் பையன்.

என்னுடையது அம்மா போட்டது, பன்னிரண்டு வயதில். நாற்பத்தைந்து வருஷமாகக் கழற்றியதில்லை. ஆசாரி வந்து திருகாணியில் நல்லெண்ணெய் விட்டு ஊறவைத்து, அரை மணி நேரம் போராடித்தான் கழற்றினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அத்தை என்ன சொல்வார்களோ என்று வேறு பயம். வெறும் மூக்கோடு இவர் முன்னால் நிற்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அத்தை பக்கத்தில் வந்து என் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூச்சு இருந்தாதானடி மூக்குத்தி" என்று குங்குமச் சிமிழை நீட்டினார்கள். இப்போது ராத்திரி அது சிமிழில், காலையில் குளித்ததும் மூக்கில்.

ஆனால் உன் கதை வேறு. அவர் போன அன்று கூடத்தில் அத்தனை பெண்கள் சுற்றி நின்று சொல்லியும் நீ கழற்றவில்லை. "இது எங்கப்பா போட்டது, அவர் போட்டதில்ல" என்று சொன்னாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உன் உடம்பு நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அன்றைக்கே கழற்றாததை ஒரு மிஷினுக்காகக் கழற்றுவேனா என்று இருந்துவிட்டாய். அப்படித்தானே?

கழற்றவே வேண்டாம் ஜெயா. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். மாஸ்க்கில் நாலைந்து விதம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் அளவும் இருக்கிறது. மூக்கைச் சுற்றிக் கொஞ்சம் அகலமாக உட்காருகிற அளவு எடுத்தால் மூக்குத்தி உள்ளே தங்கிவிடும், விளிம்பு அதைத் தொடாது. மூக்குக்கு அடியில் மட்டும் தொட்டில் மாதிரி தாங்குகிற விதமும் உண்டு. அதில் மூக்குத் தண்டுப் பக்கமே எதுவும் வராது, உன் புண்ணும் ஆறும். எது உனக்குச் சரிவரும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும், முகத்துக்கு முகம் வேறு. கடையில் படுக்க வைத்து, மிஷினைப் போட்டு, நாலையும் மாட்டிப் பார்க்கச் சொல். மாட்டேன் என்றால் வேறு கடை.

முன்பெல்லாம் இந்த நோய் முற்றினால் தொண்டையில் துளை போடுவதுதான் வழியாம். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர்தான் மூக்கு வழியாகக் காற்றைக் கொடுத்துப் பார்த்து, 1981இல் அதை எழுதினார். நாம் எட்டாம் வகுப்பில் இருந்த வருஷம் அது. டாக்டர் இதைச் சொன்னபோது முக்காலியில் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

உனக்கு மணிக்கு 41 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று நீதான் சொன்னாய். எனக்கு 34. முப்பதுக்கு மேல் போனாலே கடுமை. ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது இருந்தால்தான் கணக்கிலேயே சேர்ப்பார்கள். குறட்டை ஆம்பளைகள் சமாசாரம் என்று நாம் இருந்துவிட்டோம். மாதவிடாய் நின்ற பிறகு நமக்கும் இது அதிகமாக வருமாம். காலையில் வருகிற தலைவலியும், பகலில் கண் சொருகுவதும், மாத்திரைக்கு அடங்காத பிரஷரும் இதனால்தான் என்று எனக்கு ஐந்து வருஷம் தெரியவில்லை.

எனக்குத் தெரியாத இன்னொன்றை இவர் போன மாதம் சொன்னார். மிஷின் வருவதற்கு முன் ராத்திரியில் என் மூச்சு நின்றதும் இவர் எழுந்து உட்கார்ந்து எண்ணுவாராம். ஒன்று, இரண்டு, மூன்று. சில நாள் இருபத்தைந்து வரை போகுமாம். டார்ச்சை அடித்து என் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாராம். வாரக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது களத்திலிருந்து வந்து படுத்தால் விடியும் வரை அசைவதில்லை.

உன் வீட்டில் எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்?

கோபித்துக்கொள்ளாதே. நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பாய். கஜா புயலுக்கு அப்புறம் வாங்கிப்போட்ட இன்வெர்ட்டர் எங்களுக்கு இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரம் தண்ணீர் சூட்டை மட்டும் நிறுத்திவிட்டால் மிஷின் குறைவாகத்தான் இழுக்கும், பேட்டரி நிறைய நேரம் தாங்கும். உனக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் பற்றித் தம்பியிடம் கேட்கிறேன்.

அப்புறம் அந்த ராத்திரி பத்து மணி டிகிரி காபியும் அதன் மேல் ஒரு வெற்றிலையும். கும்பகோணத்துக்காரியிடம் இதைச் சொல்வது பாவம்தான், ஆனாலும் சொல்கிறேன். காய்ந்த வாயில் சுண்ணாம்பு எரியும், காபி தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டையும் சாயங்காலத்தோடு முடித்துக்கொள். எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகிறது, எனக்கு இரண்டு பல் போயிருக்கிறது. ஒரு தடவை பல் டாக்டரிடமும் காட்டு.

வியாழக்கிழமை வருகிறேன். மன்னார்குடியில் மாறி நீடாமங்கலம், வலங்கைமான் வழி பஸ். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், கத்தரிக்காய் வேண்டாம். மறுநாள் காலை மாஸ்க் கடைக்குப் போகிறோம், இரண்டு ராத்திரி உன் பக்கத்தில்தான் படுக்கை. என் மிஷினையும் கொண்டுவருகிறேன், ஒரே பிளக் என்றால் நீளமான ஒயர் ஒன்று எடுத்து வை.

பரணில் நீ ஏறாதே. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு இறக்கச் சொல்.

உன்,
மல்லிகா