பள்ளி நாடகக் குழுவுக்கு விளக்கும் மைக்கும் திரையும் வாங்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தக்கலை வட்டாரத்திலுள்ள நம் அரசு மேல்நிலைப் பள்ளியின் நாடகக் குழுவுக்கு மேடை விளக்கு, மைக், திரைச்சீலை மூன்றையும் சொந்தமாக வாங்கிக் கொடுப்பது என்று பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் கூடி முடிவு செய்திருக்கிறோம். மொத்தச் செலவு 1,10,000 ரூபாய். 18,000 கையில் இருக்கிறது. மீதி 92,000 ரூபாய்க்காகத்தான் இந்த வேண்டுகோள்.

கோயில் கொடை, சர்ச் திருவிழா, அன்னதானம், கிளப் ஆண்டு விழா என்று மாதம் தவறாமல் ரசீதுப் புத்தகம் வாசலில் வந்து நிற்கும் ஊர் நம்முடையது. "இதென்ன, அடுத்த பணப்பிரிவா?" என்று நீங்கள் சலித்துக்கொண்டால் நியாயம்தான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இது ஒருமுறைப் பிரிவு. ஆண்டுதோறும் ஆகிற செலவைக் குழு தானே ஈட்டிக்கொள்ள வழி பார்த்திருக்கிறோம். அந்த வழிகளையும் கீழே எழுதியிருக்கிறோம். படித்துவிட்டுக் குறை இருந்தால் சொல்லுங்கள்.

இதுவரை எப்படி ஓடியது என்றால், கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் போகும் மைக் செட்டையும் நாலைந்து பழைய பாணி விளக்குகளையும் எடுத்து வருவோம். அந்த விளக்கு ஒன்று 1000 வாட் இழுக்கும். பள்ளி வயரிங் தாங்காது என்பதால் ஜெனரேட்டரும் வாடகைக்கு. ஜெனரேட்டர் சத்தத்தில் பின்வரிசைக்கு வசனம் கேட்காது. கேட்கட்டும் என்று மைக்கைக் கூட்டினால் அது ஊளையிடும். மேடையில் ஸ்டாண்டு மைக் இரண்டே இரண்டுதான். யாருக்கு வசனமோ அவர் ஓடிப்போய் அதன் முன்னால் நின்று பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். போன நாடகத்தில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிற மகன், பாதி தூரம் போனவன் மைக்குக்காகத் திரும்பி வந்து, "இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெளியேறினான். கூட்டம் சிரித்தது. கூட்டத்தின்மேல் தப்பில்லை.

இந்தச் சிரிப்புக்கு ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாமல் வாடகை கொடுக்கிறோம். மறுநாள் காலையில் நமக்கென்று ஒரு முழம் வயர்கூட மிஞ்சுவதில்லை.

இந்த ஆண்டு நாடகம் வேறு மாதிரியானது. குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த கதையைப் பிள்ளைகளே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி, அன்று சென்னை மாநிலம் என்றிருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. மார்ஷல் நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டம் அது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இவ்வளவும் பாடப் புத்தகம் மாதிரிதான். பிள்ளைகள் செய்த நல்ல காரியம், அந்தக் காலத்தில் சிறுபிள்ளையாக இருந்த தாத்தா பாட்டிகளைத் தேடிப்போய்க் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதிக்கொண்டதுதான். ஒரு பாட்டி துப்பாக்கியைப் பற்றியோ தலைவர்களைப் பற்றியோ ஒன்றுமே சொல்லவில்லை. "அப்பா வீட்டுக்கு வாற வரைக்கும் அம்ம அடுப்பு பத்தவைக்கல்ல, அதுதான் ஓர்மை இருக்கு" என்றார். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதை அப்படியே ஒரு காட்சியாக எழுதிவிட்டாள். மேடையில் அணைந்த அடுப்பு, வாசலைப் பார்த்துக்கொண்டு ஓர் அம்மா, பக்கத்தில் ஒரு சிறுமி. மூன்றே வரி வசனம், அதுவும் முணுமுணுப்பு.

அந்த மூன்று வரியை ஸ்டாண்டு மைக்கைப் பார்த்துக் கத்த முடியாது. பந்தல் முழுக்கப் பளீரென்று எரியும் விளக்கில் அந்த அடுப்பு அணைந்திருப்பதும் தெரியாது. விளக்கும் மைக்கும் கேட்பது ஆடம்பரத்துக்கு அல்ல என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். எல்.இ.டி. மேடை விளக்கு எட்டு, ஒன்று 3,500 வீதம் 28,000. விளக்கைத் தொங்கவிட உயரமான ஸ்டாண்டு இரண்டு 6,000. விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரும் வயர்களும் 9,000. எட்டு விளக்கும் சேர்ந்து எரிந்தாலும் பழைய விளக்கு ஒன்று இழுப்பதைவிடக் குறைவாகத்தான் கரன்ட் இழுக்கும். அதனால் ஜெனரேட்டர் வாடகை அத்தோடு ஒழிந்தது. தலையில் மாட்டிக்கொள்ளும் வயர்லெஸ் மைக் நான்கு 32,000. காலர் மைக் விலை மலிவுதான், ஆனால் பிள்ளைகள் ஓடியாடும்போது சட்டையில் உரசிக் கரகரக்கும் என்பதால் வேண்டாம் என்று வைத்தோம். பின்திரை, பக்கத் திரை, முன்திரை மூன்றுக்கும் துணி, தையல், கயிறு, கம்பி எல்லாம் சேர்த்து 27,000. இவற்றைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டிகள் 8,000. பெட்டிச் செலவு எதற்கு என்று கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். கடலும் மலையும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில், இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் இரண்டு பக்கமிருந்தும் அடிக்கும்போது, மைக்கை மர அலமாரியில் வைத்தால் ஒரு வருஷத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

ஒரு விளக்கின் விலை கொடுக்கிறவர்கள் பெயரை விளக்கில் எழுதமாட்டோம். ட்யூப்லைட்டில் "உபயம்" என்று எழுதி எழுதி வெளிச்சமே வெளியே வராமல் போன கோயில்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நாடகத்தன்று கொடுக்கும் விழா மலரில் எல்லார் பெயரும் வரும், நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரும் ஆயிரம் கொடுத்தவர் பெயரும் ஒரே எழுத்தில், அகர வரிசையில். தொகையைப் போடமாட்டோம்.

பணம் கொடுக்க வசதிப்படாதவர்களிடம் பொருள் கேட்கிறோம். பழைய பெட்ரோமாக்ஸ், தகர டிரங்குப் பெட்டி, பனையோலைக் கடவம், வெண்கலக் கிண்டி, கை வைத்த நாற்காலி, வால்வு ரேடியோ, பாட்டி உடுத்த முண்டும் நேரியலும் என்று 1950-களின் வீட்டில் இருந்தது எதுவானாலும் நாடகத்துக்கு உதவும். எழுதி வாங்கிக்கொண்டு, முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவோம். பெட்ரோமாக்ஸ் எரிய வேண்டியதில்லை. மேடையில் நெருப்பு கூடாது என்பதால் உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. பல்பைத்தான் வைக்கப் போகிறோம்.

ரப்பர் மரம் வைத்திருக்கிறவர்கள் ஒட்டுப்பாலும் (உறைந்து காய்ந்த ரப்பர் பால்), மற்றவர்கள் தேங்காய்ச் சிரட்டையும் பழைய பேப்பரும் கொடுக்கலாம், விற்றுப் பணமாக்கிக்கொள்வோம். கையில் இருக்கிற 18,000-இல் பெரும்பகுதி சிரட்டையில் வந்ததுதான். சிரட்டைக் கரிக்கு இப்போது நல்ல தேவை இருக்கிறது. வீட்டில் அடுப்பெரிக்கவும் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மாதத்தின் கடைசி சனிக்கிழமை முன்னாள் மாணவர்கள் ஒரு வண்டியோடு தெருத்தெருவாக வருவார்கள். காய்ந்த சிரட்டையாக எடுத்து வையுங்கள், ஈரமானதைக் கடையில் எடுக்கமாட்டார்கள்.

இனி, ஆண்டுச் செலவுக்கான வழி. பெரிய வரவு மலரில் வரும் விளம்பரம். பின்னட்டை 5,000, முழுப் பக்கம் 2,000, அரைப் பக்கம் 1,000. ஜவுளிக்கடை, பேக்கரி, ரப்பர் கடை, டியூட்டோரியல் என்று யார் கொடுத்தாலும் போடுவோம். மதுபானம், புகையிலை விளம்பரமும் கட்சிக்காரர் படமும் போடமாட்டோம். அதேபோல் எங்கள் யாருடைய முகமும் பிளெக்ஸில் வராது.

இரண்டாவது, இடைவேளைக் கடை. ரசவடை, பழம்பொரி, முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் உப்பேரி, சுக்குக்காப்பி. பலகாரம் அம்மாமார் பொறுப்பு, கல்லாவும் பாத்திரம் கழுவுவதும் அப்பாமார் பொறுப்பு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் அடக்கம். ஆகையால் காப்பி சில்வர் டம்ளரில்தான். ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிறுவயதில் நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர். வில்லுப்பாட்டில் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, அங்கிருந்துதான் சினிமாவுக்குப் போனார். கொட்டகையில் தின்பண்டம் விற்பதைக் குறைவாக நினைக்கும் பெற்றோர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது வில்லுப்பாட்டு. அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைக் குழு தயார் செய்து வைத்திருக்கிறது. கிரகப்பிரவேசம், குடும்ப விழா, நூலக விழா என்று யார் கூப்பிட்டாலும் வருவார்கள். விரும்பியதைக் குழுவுக்குக் கொடுக்கலாம். வகுப்பு நேரத்தில் வரமாட்டார்கள், இரவு எட்டரைக்கு மேல் மேடையில் நிற்கமாட்டார்கள். கொடை விழாவில் நடுச்சாமத்துக்கு நேரம் ஒதுக்கிவிட்டு வருத்தப்பட வேண்டாம்.

நாடகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் இரண்டு வரிசை மட்டும் 200 ரூபாய்.

குலுக்கல் சீட்டு அடித்து மிக்ஸி, குக்கர் பரிசு வைத்தால் ஒரே வாரத்தில் பணம் சேர்ந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். சேரும்தான். ஆனால் தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை இருக்கிறது. பள்ளி பெயரைச் சொல்லிக்கொண்டு சட்டத்தின் ஓரத்தில் நடக்க எங்களுக்கு விருப்பமில்லை. பிள்ளைகளை உண்டியலோடு பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. பிள்ளைகள் வேலை நடிப்பது. எந்த மாணவரும் உங்களிடம் வந்து பணம் கேட்கமாட்டார். அப்படி யாராவது கேட்டால் கொடுக்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

பணம் வாங்குவதில் சில கட்டுப்பாடுகள். கமிட்டி பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. செயலாளர், பொருளாளர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். கணக்கு எண்ணும் கியூ.ஆர். கோடும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் மட்டுமே இருக்கும். வாட்ஸ்அப்பில் எங்கள் பெயரில் ஒரு கோடு வந்தால், யார் அனுப்பியிருந்தாலும் சரி, அதை ஸ்கேன் செய்யாதீர்கள். வருமான வரிச் சலுகைக்கான சான்று எங்களால் தர முடியாது, அந்தப் பதிவு எங்களுக்கு இல்லை.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதைப் பெறத் தனி அனுமதி வேண்டும், எங்களிடம் அது இல்லை. அவர்கள் பணம் அனுப்ப வேண்டாம். லீவுக்கு வரும்போது வீட்டு மச்சிலில் (பரணில்) கிடக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கிக் கொடுத்தால் போதும்.

நவம்பர் 1-ஆம் தேதியே மேடையேற்றினால் பொருத்தமாக இருக்கும். ஆனால் ஐப்பசி மழையில் திறந்த மைதானத்தை நம்ப முடியாது. டிசம்பர் கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் என்று போய்விடும். பிப்ரவரி பிறந்துவிட்டால் பொதுத்தேர்வுப் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். ஆகவே பொங்கல் கழிந்து வரும் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஆறு மணி என்று வைத்திருக்கிறோம். புது விளக்கோடும் மைக்கோடும் பிள்ளைகள் ஒரு மாதமாவது பழக வேண்டும். அதனால் நவம்பர் 30-க்குள் பணம் வந்து சேர்ந்தால் நல்லது. 92,000-க்கு மேல் வந்தால் ஐந்தாவது மைக் ஒன்று வாங்குவோம். அதற்கும் மேல் வந்தால் பிரிவை நிறுத்திவிடுவோம்.

வாங்கிய பொருளெல்லாம் பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏறும். சுற்றுவட்டாரத்தில் எந்த அரசுப் பள்ளி கேட்டாலும், கலைத்திருவிழாப் பயிற்சிக்கானாலும் ஆண்டு விழாவுக்கானாலும், வாடகை இல்லாமல் கொடுப்போம். வண்டிக்கூலி மட்டும் அவர்களுடையது. பில்களும் வரவுசெலவும் நாடகம் முடிந்த பதினைந்து நாளுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
நாடகக் குழு ஆதரவுக் கமிட்டி,
பெற்றோர் மற்றும் முன்னாள் மாணவர்கள்

பின்குறிப்பு: ஒத்திகை சனிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குப் பள்ளி மாடி ஹாலில் நடக்கிறது. கொடுப்பதற்கு முன் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். வருகிறவர்கள் பின்வரிசையில் உட்காருங்கள். பிள்ளைகள் வசனத்தை மறந்துபோய் நின்றால் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.