சிஸ்டர் கேட்ட ஒரு கேள்வி

அன்பு மகளுக்கு,

உங்கள் மருத்துவமனையில் டாக்டர்கள் இனி மருந்து, டெஸ்ட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில்தான் ஆர்டர் போட வேண்டும், அந்தப் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நேற்று சொன்னாய். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பாதி சந்தோஷம், பாதி கவலை. போனில் பேசினால் கோர்வையாக வராது என்று எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நைட் டியூட்டி. கேஸ் ஷீட்டில் இன்சுலின் 4 என்று எழுதி, பக்கத்தில் யூனிட்டுக்கு 'U' என்று ஒற்றை ஆங்கில எழுத்தைக் கிறுக்கியிருந்தார் டாக்டர். அவசரத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டுவிட்டது. எனக்கு அது சைபர். 40 யூனிட்டை சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த சீனியர் சிஸ்டர், "இவ்வளவா? டாக்டரைக் கேட்டியா?" என்றார். அந்தக் கட்டிலின் நம்பர் இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனால் கையெழுத்து ஒழிவதில் என்னைவிட சந்தோஷப்படுகிறவள் இருக்க முடியாது. பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் இந்த முறை வந்த பிறகு, யார் கண்ணிலும் படாமல் நோயாளிவரை போய்விடக்கூடிய கடுமையான மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைந்தன என்று 1998-லேயே எழுதினார்கள்.

கவலை வேறு இடத்தில். 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய மருத்துவமனையில் 16 வயதுப் பையனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் ஒரே ஒரு மாத்திரை. திரையில் அளவு, உடல் எடையில் 'கிலோவுக்கு மில்லிகிராம்' என்று இருந்ததை டாக்டர் கவனிக்கவில்லை. 160 மில்லிகிராம் என்று நினைத்து அவர் போட்ட 160, கிலோவுக்கு 160 ஆகிவிட்டது. கணக்குப்படி 38½ மாத்திரை! கம்ப்யூட்டர் எச்சரிக்காமல் இல்லை. ஆனால் அது நாள் முழுக்க எதற்கெடுத்தாலும் எச்சரிக்கிறது; டாக்டர் தட்டிவிட்டுப் போனார், ஃபார்மசிஸ்டும் தட்டிவிட்டார். நர்ஸுக்கு அளவு உறுத்தியது. பார்கோடை ஸ்கேன் செய்தாள், கம்ப்யூட்டரில் இருந்த ஆர்டரோடு ஒத்துப்போனதால் சரி என்று வந்தது, கொடுத்துவிட்டாள். பையனுக்கு வலிப்பு வந்து, பிழைத்தான். அவள் பக்கத்தில் ஒரு சிஸ்டர் நின்று "கேட்டியா?" என்றிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். ஆறே நாளில் மருத்துவமனை முழுக்க மாற்றினார்கள். முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துக்குச் சொல்லி வைக்கலாம். புது முறையில் குழந்தை வந்து பதிவான பிறகுதான் ஆர்டரே போட முடிந்தது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில் கட்டிலருகே கை குறைந்தது. வேறு இடங்களிலிருந்து அங்கே மாற்றப்பட்ட குழந்தைகளில் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது. 2005-ல் அங்கே இருந்தவர்களே அதை வெளியே சொன்னார்கள். அந்த நேர்மைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். அதே மென்பொருளை சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையிலும் வைத்தார்கள். அங்கே இறப்பு கூடவில்லை.

அப்படியானால் குறை மென்பொருளில் மட்டும் இல்லையே, கண்ணு. எந்த வார்டில் முதலில் ஆரம்பிப்பது என்று உங்கள் கூட்டத்தில் டாக்டர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். நைட் டியூட்டி நர்ஸை உட்காரவைத்துக் கேள். ஐ.சி.யூ.வையும் அவசர சிகிச்சையையும் கடைசியில் வைத்துக்கொள். அவசரத்துக்கு வாயால் சொல்லி மருந்து கொடுத்துவிட்டு, பிறகு பதிவு செய்ய வழி இருக்கட்டும். உயிர் போகிற எச்சரிக்கையும் சாதாரண எச்சரிக்கையும் ஒரே நிறத்தில் வந்தால் விடாதே, சண்டை போடு. ஆர்டரை ஏற்றிய டாக்டர், புதிதாக ஏதாவது இருந்தால் நர்ஸிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திரையில் ஏறியதெல்லாம் அவள் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது.

முதல் வாரம் நீ ராத்திரியில் வார்டில் நில். சாப்பிடாமல் நிற்காதே.

இன்சுலின் ஆர்டர் போடும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய். யூனிட் என்பதை முழுதாக எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா