முடி துறக்கும் காட்சியை மாணவர்கள் நடித்துப் பார்க்கட்டும்

ஆங்கில இலக்கியத் துறைப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களுக்கு நம் வகுப்பறைகளில் இன்னும் ஒரே விளக்கம்தான் கோலோச்சுகிறது. முறையான அரசனைக் கவிழ்த்தது பாவம். அதன் தண்டனை உள்நாட்டுப் போர். எலிசபெத் அரசியின் டியூடர் வம்ச ஆட்சி வந்ததும் விமோசனம். 1944இல் ஆங்கில விமர்சகர் டில்யார்ட் எழுதிய நூல் நிலைநாட்டிய பார்வை இது. தேர்வில் எழுத வசதியானது. ஆனால் நாடகங்கள் அதற்குள் அடங்கவில்லை.

‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தையே பாருங்கள். 1597இல் வந்த முதல் பதிப்பில், பாராளுமன்றத்தில் அரசன் முடி துறக்கும் காட்சி இல்லை. எலிசபெத் மறைந்த பிறகு, 1608இல்தான் அச்சேறியது. தணிக்கைக்கு இரையானதா, பின்னர் எழுதிச் சேர்த்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்தக் காட்சியில் ரிச்சர்ட் முடியைச் சட்டென்று கொடுத்துவிடுவதில்லை. ஒரு பக்கம் தன் கை, மறுபக்கம் அரியணையைப் பறிக்கும் போலிங்புரோக்கின் கை என்று இருவரையும் பிடிக்க வைக்கிறான். பிறகு கண்ணாடி கேட்டு வாங்கி, தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டு உடைக்கிறான். அந்தக் கணத்தில் அரசன் யார்? நடித்துப் பார்க்காத மாணவனுக்கு இந்தக் கேள்வியே எழாது.

அன்றைய மக்களுக்கு எழுந்திருக்கிறது. 1601 பிப்ரவரி 7 அன்று, எசெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர்கள் ரிச்சர்டின் வீழ்ச்சியை ஷேக்ஸ்பியர் குழுவின் லண்டன் குளோப் அரங்கில் நடத்தச் சொன்னார்கள். பழைய நாடகம், கூட்டம் வராது என்று தயங்கிய நடிகர்களுக்கு 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்தார்கள். மறுநாள் அரசிக்கு எதிராக எசெக்ஸின் கலகம் வெடித்தது.

2019இல் குளோபின் உள்ளரங்கில் அட்ஜோவா ஆண்டோ ரிச்சர்டாக நின்றார்; மேடையேறிய அனைவரும் வெள்ளையரல்லாத பெண்கள். இங்கிலாந்தின் பெருமை பேசும், ரிச்சர்டின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட்டின் புகழ்பெற்ற வரிகளை, அந்தப் பேரரசு ஆண்ட மக்களின் வழிவந்தவர்கள் சொல்லும்போது அவற்றின் பொருளே விரிகிறது. நாமும் அப்படி ஆளப்பட்டவர்களின் வழிவந்தவர்களே. நம் மாணவர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. 2022இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி ஷேக்ஸ்பியர் ஊனமுற்ற கொடியவனாகப் படைத்த மூன்றாம் ரிச்சர்டின் வேடத்தை ஆர்தர் ஹியூஸ் என்ற மாற்றுத்திறனாளி நடிகருக்குத் தந்தது. ஊனமே தீமையின் அடையாளம் என்ற பழைய பாடத்தை இனியும் எப்படி நடத்துவது?

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். முடி துறக்கும் காட்சியை நடித்துக் காட்டுவதற்கும் அகமதிப்பெண் வழங்குங்கள். ‘சர் தாமஸ் மோர்’ நாடகத்தின் கையெழுத்துப் பிரதியில் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து எனப் பலரும் ஏற்கும் மூன்று பக்கங்களைச் சேருங்கள்: 1517இல் அயல்நாட்டாரை விரட்டத் திரண்ட லண்டன் கூட்டத்திடம், நாடு கடத்தப்பட்டால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று மோர் கேட்கும் பகுதி அது.

அன்புடன்,
ஓர் இலக்கிய வாசகர்