கைத்தட்டலை எங்கே விட்டீர்கள்? க்ராஃப்ட்வெர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரால்ஃப் ஹூட்டர் அவர்களுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். மின்னணு இசைக்குப் பெயர்போன ஜெர்மானியக் குழுவான நீங்கள் 2017இல் வெளியிட்ட '3-டி தி கேட்டலாக்' தொகுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு கிராமி விருதே கிடைத்துவிட்டது. இனி ஒரு ரசிகனின் முணுமுணுப்பு எடுபடுமா தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒலி பிரமாதம். நல்ல ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு தாளமும் தனித்தனியாக வந்து விழுகிறது. 'ஆட்டோபான்' தொடங்கி 'டூர் டி பிரான்ஸ்' வரை எட்டு ஆல்பங்களின் பாட்டுகளையும் 2012 முதல் 2016 வரை நடந்த கச்சேரிகளில் பதிவு செய்திருக்கிறீர்கள். சரி, கச்சேரி என்றால் கூட்டம் எங்கே? ஒரு விசில் இல்லை, ஒரு கைத்தட்டல் இல்லை. லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2013இல் நீங்கள் வாசித்தபோது டிக்கெட் வாங்க வந்த கூட்டத்தில் இணையதளமே படுத்துவிட்டது. அப்படி முட்டி மோதி உள்ளே போகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டா உட்கார்ந்திருப்பார்கள்? 2005இல் வந்த 'மினிமம்-மேக்ஸிமம்' பதிவில் எங்கள் சத்தமும் சேர்ந்துதான் இருந்தது. இதில் எங்களைக் காணோம்.

எங்களைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் அல்ல நீங்கள். 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' வந்த 1981ஐ நினைத்துப் பாருங்கள். டுசெல்டார்ஃபில் இருந்த க்ளிங் க்ளாங் ஸ்டூடியோவையே மூட்டை கட்டிக்கொண்டு உலகம் சுற்றினீர்கள், பம்பாய்க்கும் வந்தீர்கள். 'பாக்கெட் கால்குலேட்டர்' பாட்டு வந்ததும் நால்வரும் கையடக்கக் கருவிகளோடு மேடையின் விளிம்புக்கு வந்து, முன்வரிசையில் நின்ற ரசிகர்களிடம் நீட்டினீர்கள். யாரோ ஒருவர் எட்டிப் பட்டனை அழுத்த, 'பீப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தமும் பாட்டில் சேர்ந்தது. ரோபோக்கள் என்று உங்களைக் கிண்டல் செய்தவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அந்தப் பட்டனை எந்த நேரத்தில் யார் அழுத்துவார்கள் என்று உங்களுக்கே தெரியாது, தெரியாமலேயே நீட்டினீர்கள். இப்போது எல்லாமே முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

என் ஏமாற்றம் இந்த ஒரு தொகுப்போடு தொடங்கியதில்லை. 1986இல் 'எலக்ட்ரிக் கஃபே' வந்த பிறகு ஐந்து வருடம் காத்திருந்த ரசிகர்களுக்கு 1991இல் கிடைத்தது 'தி மிக்ஸ்', அதாவது பழைய பாட்டுகளின் புது வார்ப்பு. 2009இல் பழைய ஆல்பங்களின் மறுபதிப்புப் பெட்டி. அப்போது 'எலக்ட்ரிக் கஃபே'யின் பெயர்கூட 'டெக்னோ பாப்' என்று மாறியது. அப்புறம் 2017. அதற்குப் பிறகு ஒரு ரீமிக்ஸ் தொகுப்பு. அரைத்த மாவையே அரைக்கிறீர்கள் ஐயா. மாவு நைஸாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

பழையதைத் தொடவே கூடாது என்பது என் கட்சி அல்ல. 'தி மிக்ஸ்' ஆல்பத்திலேயே 'ரேடியோ-ஆக்டிவிட்டி'யை எடுத்து, செர்னோபில், ஹிரோஷிமா என்று பெயர்களைச் சேர்த்து, அணுசக்தி எதிர்ப்புப் பாட்டாக மாற்றினீர்கள். 2012இல் டோக்கியோ அருகே நடந்த அணு எதிர்ப்பு இசைவிழாவில் ஃபுகுஷிமாவையும் சேர்த்து, ஜப்பானிய மொழியிலேயே பாடினீர்கள். 1975இல் எழுதிய பாட்டுக்கு மறுபடியும் சொல்ல ஏதோ இருந்தது. '3-டி'யில் பெரும்பாலான பாட்டுகளுக்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை, துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

புதுப் பாட்டுகளோடு வந்த கடைசி ஆல்பம் 2003இன் 'டூர் டி பிரான்ஸ் சவுண்ட்டிராக்ஸ்'. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் நூற்றாண்டுக்காகச் செய்தது, பந்தயம் முடிந்த பிறகுதான் கடைக்கு வந்தது (உங்கள் வேகம் எங்களுக்குப் பழக்கம்தான்). அதில் 'எலெக்ட்ரோ கார்டியோகிராம்' பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ரால்ஃப், அந்தத் தாளம் உங்கள் சொந்த இதயத் துடிப்பு, அந்த மூச்சு உங்கள் மூச்சு. சைக்கிள் மிதிக்கிற ஒரு மனிதரின் உடம்பையே வாத்தியமாக்கினீர்கள். அதைச் செய்தவருக்கு அதற்கப்புறம் சொல்ல எதுவுமே இல்லாமல் போனது என்று நம்ப மறுக்கிறேன்.

உங்களோடு சேர்ந்து குழுவைத் தொடங்கிய ஃப்ளோரியன் ஷ்னைடர் 2008இல் விலகினார், 2020இல் காலமும் ஆனார். அந்த இழப்பு எங்களைவிட உங்களுக்குப் பெரிது, அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் பாட்டு ஒன்றிலிருந்து ஒரு ராப் பாட்டில் எடுத்தாண்ட இரண்டு நொடித் தாளத்துக்காக 1999 முதல் வழக்கு நடத்தி, 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனவர்கள் நீங்கள். அந்தப் பிடிவாதத்தில் ஒரு பங்கைப் புதுப் பாட்டின் பக்கம் திருப்பியிருக்கலாம்.

நெடுஞ்சாலை, ரயில், வானொலி, கால்குலேட்டர் என்று எல்லாவற்றையும் எங்களுக்கு முன்னால் காது கொடுத்துக் கேட்டவர்கள் நீங்கள். இன்று எல்லார் சட்டைப் பையிலும் ஒரு கருவி கிடக்கிறது. அது நம்மைக் கேட்கிறது, பார்க்கிறது, பதில்கூடச் சொல்கிறது. அது உங்கள் காதில் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் காத்திருக்கிறோம். பெரிதாக வேண்டாம், 'கம்ப்யூட்டர் வேர்ல்ட்' மொத்தமே 34 நிமிடம்தான். பிசிறு இருந்தாலும் பரவாயில்லை.

அதுவும் ஆகாது என்றால், அந்த அருங்காட்சியகக் கச்சேரிகளில் நாங்கள் தட்டிய கைத்தட்டலையாவது சேர்த்து இன்னொரு பதிப்பு விடுங்கள். திட்டிக்கொண்டே வாங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்