கேஷை அழித்தால் வேகம் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரவுசர் வேகமாக இயங்க தினமும் கேஷை (பார்த்த தளங்களின் கோப்புகளைப் பிரவுசர் சேமித்து வைக்கும் இடத்தை) அழிக்கச் சொல்லி தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் யோசனை வந்திருந்தது. பலன் நேர்மாறாகத்தான் இருக்கும். லோகோ, எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் முதல் தடவை இறக்கியதும் பிரவுசர் சேமித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை அங்கிருந்தே எடுக்கிறது. அழித்துவிட்டால் அத்தனையும் மறுபடி இறங்க வேண்டும். ஒரு தளத்துக்காக இறங்கிய தமிழ் எழுத்துரு இன்னொரு தளத்துக்கும் உதவிய காலம் போய்விட்டது. 2020 அக்டோபரில் வந்த குரோம் 86 முதல், தனியுரிமைக்காக ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி கேஷ்.

சந்தேகமிருப்பவர்கள் கணினியில் எஃப்12 அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து, பக்கத்தை ரீலோடு செய்து பார்க்கலாம். 'சைஸ்' பத்தியில் 'டிஸ்க் கேஷ்', 'மெமரி கேஷ்' என்று வருபவை நெட்டைத் தொடாமல் வந்தவை. அங்கேயே 'டிஸேபிள் கேஷ்' கட்டத்தில் டிக் போட்டு மறுபடி ரீலோடு செய்தால், அடியில் 'டிரான்ஸ்ஃபர்டு' என்ற எண் எகிறும். பார்த்ததும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒரு தளம் கோணல்மாணலாகத் தெரிந்தால் மட்டும் கேஷைச் சந்தேகிக்கலாம். அதற்கும் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும். மொத்தமாக அழிக்கப் போய் குக்கீஸ் டிக்கையும் சேர்த்து விட்டுவைப்பவர்கள், எல்லாத் தளத்திலும் லாகின் போய் ஓடிபிக்குக் காத்திருப்பார்கள்.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் நாமாகச் சேர்க்கும் துணைநிரல்கள். கூப்பன் தேடுவது, இலக்கணம் திருத்துவது போன்றவை 'எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க, மாற்ற' அனுமதி வாங்கிக்கொண்டு, திறக்கும் பக்கத்திலெல்லாம் தங்கள் ஸ்கிரிப்டை ஓட்டுகின்றன. குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலில் நாமாக அனுமதிக்காதவரை இவை ஓடாது. அதே பக்கத்தை அங்கே திறந்து ஒப்பிடுங்கள். ஆனால் அங்கே கேஷ் காலியாக இருக்கும் என்பதால் முதல் தடவையை விட்டு, இரண்டாவது ரீலோடைக் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே வேகமாக வந்தால், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் ஆள் சிக்கிவிடும். குரோமில் ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரிலும் எது சிபியுவைத் தின்கிறது என்று தெரியும்.

வேகம் கூட்ட, ஃபயர்பாக்ஸில் 'பைப்லைனிங்' (பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்த கோப்புகளைக் கேட்பது) அமைப்பை மாற்றும் பழைய குறிப்பும் இன்னும் சுற்றுகிறது. அந்த வசதியையே 2017இல் எடுத்துவிட்டார்கள். ஒரே இணைப்பில் பல கோப்புகளைச் சேர்த்து அனுப்பும் வேலையை, பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் நெறிமுறையாக 2015இல் வந்த எச்டிடிபி 2 பார்த்துக்கொள்கிறது.

தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 (கூகுள்) அல்லது 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர்) என மாற்றினால் டவுன்லோடு வேகம் கூடாது. அந்தத் தேடலுக்கான நேரம்தான் குறையும். அதுவும் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் மந்தமாக இருந்தால்தான். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' (மறைகுறியாக்கிய டிஎன்எஸ்) பெயரைக் கையால் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில அலுவலக, கல்லூரி வைஃபைகள் அதற்கான 853ஆம் போர்ட்டை (இணைப்பு வாசலை) அடைத்திருக்கும். அங்கே எந்தத் தளமும் திறக்காது. 'ஆட்டோமேட்டிக்' என மாற்றினால் சரியாகும்.

ஒரு டேபுக்குத் திரும்பும்போதெல்லாம் பக்கம் முதலிலிருந்து ஏறினால் நெட்டைத் திட்ட வேண்டாம். குரோமின் 'மெமரி சேவர்' அந்த டேபை உறங்க வைத்திருக்கும். 16 ஜிபி ராம் உள்ள கணினியில் அதை அணைத்துவிடலாம். 4 ஜிபி என்றால் இருக்கட்டும்.

வாசகர் இவ்வளவும் செய்தாலும் பக்கமே கனமாக இருந்தால் என்ன பயன்? கைபேசியில் 400 பிக்சல் அகலத்தில் தெரியும் படத்துக்கு 4000 பிக்சல் அகலப் படத்தையே அனுப்பினால், தேவையைப் போல் 100 மடங்கு பிக்சல் போகிறது. தங்கள் இணையதளப் பிரிவினர் படங்களைச் சிறிதாக்கி, கோப்பு அளவு குறைவான வெப்-பி வடிவில் ஏற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அகலம், உயரம் இரண்டையும் குறித்துவிட்டால், படம் வந்து விழும்போது வரிகள் கீழே தள்ளப்படாது. கீழே உள்ள படங்களுக்கு 'லேசி லோடிங்' (வாசகர் அருகே வரும்போது மட்டும் இறக்குவது) போடலாம். முகப்பின் முதல் படத்துக்கு மட்டும் போட்டுவிட வேண்டாம். முதலில் வர வேண்டிய படம் தாமதமாகும்.

இப்படிக்கு,
இணையப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்